பன்னிரண்டு கட்டில்

சிறார் இல்லத்தின் பெண்கள் பிரிவில் பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள் இருந்தன. குச்சி அங்கே வந்து சேர்ந்தபோது மூன்று கட்டில்களில் ஆள் இருந்தது. ஐந்து மாதத்தில் மற்ற மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள். ஒருத்தியைத் தாய்மாமன் வந்து அழைத்துப்போனார், ஒருத்தியை அக்கா. கடைசியாகப் போனவளைக் கூட்டிப்போக யாரோ தூரத்துச் சித்தப்பா வந்தார். குச்சியையும் அழைத்துப்போக ஆள் இருந்தது. அவள்தான் போகமாட்டேன் என்றாள்.

குச்சி என்பது பட்டப்பெயர்தான். பதினாறு வயதுக்கு உயரம் அதிகம், சதைப்பிடிப்பு குறைவு. பள்ளிக்கூடத்தில் ஒட்டடைக்குச்சி என்று ஆரம்பித்தார்கள்; கூப்பிடுகிறவர்களின் சோம்பலில் அது குச்சியாகச் சுருங்கியது. வீட்டில் அம்மாவும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள். வீடு என்றால் இரண்டே பேர். அப்பா வேறொரு குடும்பத்தோடு போய் ஆறு வருடமாகிறது. அம்மா பொது மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் உதவியாளர். நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைப்பது, விரிப்பு மாற்றுவது, எக்ஸ்ரே அறைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் அவள் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதிய ஷிஃப்ட். மதிய ஷிஃப்ட் வாரங்களில் குச்சி பார்ப்பதெல்லாம் தூங்குகிற அம்மாவைத்தான்.

பத்தாம் வகுப்பில் கணக்கு காலைவாரிய பிறகு குச்சி பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. மறுபடி எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று சொல்லியே ஒரு வருடம் ஓடியது. அந்த வருடத்தில்தான் ஸ்பீடு என்கிறவன் பழக்கமானான். பத்தொன்பது வயது, வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலை. தெருமுனையில் பைக்கை நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். தனக்காக ஒருவன் வந்து நிற்கிறான் என்பதே குச்சிக்குப் புதிதாக இருந்தது. காதல் கீதல் எல்லாம் இல்லை. முகத்தில் காற்று அடிக்க, பின்னால் உட்கார்ந்து ஊர் சுற்றுவது பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் அவன், "நீ கை நீட்டினா போதும், மத்ததை வண்டி பார்த்துக்கும்" என்றான். முதல் தடவை ஒரு செல்போன். நடைபாதையில் பேசிக்கொண்டே போன ஒருவன் கையிலிருந்து பூப்பறிப்பதுபோல வந்தது. அது அவ்வளவு சுலபமாக இருந்திருக்க வேண்டாம் என்று பிற்பாடு அவள் நினைத்ததுண்டு.

இரண்டாவது தடவை ஒரு புதன்கிழமை மத்தியானம். ஆள் நடமாட்டமில்லாத தெருவில் தோளில் பை மாட்டிக்கொண்டு ஒரு பெண்மணி போய்க்கொண்டிருந்தார். குச்சி பையைப் பிடித்து இழுத்தாள். பை வந்தது, கூடவே அந்த அம்மாளும் வந்தார். வார் அவர் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து அடி தூரம் அவர் உடம்பு சாலையில் தேய்ந்துகொண்டு வந்த பிறகுதான் வார் அறுந்தது. "திரும்பாத, திரும்பாத" என்று ஸ்பீடு கத்தினான். குச்சி திரும்பவில்லை. ஆனால் காதை மூடிக்கொள்ள முடியவில்லை.

பையில் ஒரு சாப்பாட்டு டப்பா, அளவெடுக்கிற நாடா, பாதி தைத்த பள்ளிச் சீருடை, ஒரு பெரிய கத்திரிக்கோல். எல்லாவற்றையும் ஸ்பீடு குப்பைத்தொட்டியில் வீசினான். கத்திரிக்கோலை மட்டும் குச்சி எடுத்து வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கனமாக இருந்தது, மூடும்போது சுத்தமாக ஒரு சத்தம் வந்தது.

அந்தப் பெண்மணி ஒரு தையல்காரர். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும், இடுப்பில் ஒரு எலும்பும் முறிந்துபோயிருந்தன. ஊருக்கு இருப்பதோ ஒரே ஒரு எலும்பு முறிவு வார்டு. மூன்றாம் நாள் அம்மா அவருடைய தலையணை உறையை மாற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"எப்படி விழுந்தீங்கக்கா?"

"எங்கம்மா விழுந்தேன்? பையைப் பிடுங்கிட்டாங்க. வாரு கையில மாட்டிக்கிச்சு, அப்படியே இழுத்துட்டே போயிட்டாங்க. பின்னாடி உட்கார்ந்திருந்தது ஒரு பொண்ணும்மா. நல்ல வளர்த்தி, ஒல்லியா."

அப்போதும் அம்மாவுக்குப் பொறி தட்டவில்லை.

"மத்ததெல்லாம் போனாப் போவுது" என்றார் தையல்காரர். "என் கத்திரிக்கோலுதான் மனசை அறுக்குது. பதினெட்டு வருஷமா வெச்சிருந்தேன். பிடி விரலை அழுத்துதுன்னு சிவப்புத் துணி சுத்தியிருந்தேன். என் கைக்குன்னே பழகியிருந்துச்சு."

அந்தச் சிவப்புத் துணியை அம்மா முந்தின நாள் காலையில்தான் பார்த்திருந்தாள். குச்சி அதால் பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிக்கொண்டிருந்தாள். "ஏதுடி இது?" என்று கேட்டதற்கு, "சிநேகிதி கொடுத்தா" என்று பதில் வந்தது. அம்மா பாலைக் காய்ச்சினாள்; இருவரும் டீ குடித்தார்கள்.

ஷிஃப்ட் முடியும்வரை அம்மா அந்தக் கட்டில் பக்கம் போகவில்லை. வீட்டுக்கு வந்தபோது குச்சி வெளியே போயிருந்தாள். கத்திரிக்கோல் சமையல் மேடையில் கிடந்தது. அதை எதிரே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு செய்தித்தாளில் சுற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

மறுநாள் காலை சாதாரண உடையில் இரண்டு பெண் போலீஸ்காரர்கள் வந்தார்கள். குச்சி பல் விளக்கிக்கொண்டிருந்தாள். யார், என்ன என்று புரியாமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "மாத்துத் துணியெல்லாம் அந்தப் பையில மடிச்சு வெச்சிருக்கேன்" என்றாள். வாசலோரம் பை தயாராக இருந்தது. அந்தப் பையைப் பார்த்ததும்தான் குச்சிக்கு விஷயம் பிடிபட்டது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

அம்மா திரும்பவில்லை. அடுப்பில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் திரும்பவில்லை.

சிறார் நீதிமன்றம் என்றதும் கூண்டும் கறுப்பு அங்கியுமாகக் குச்சி கற்பனை செய்திருந்தாள். அது ஏதோ அலுவலகத்தின் பின்னறைபோல இருந்தது. நீளமான மேசை. அதற்குப் பின்னால் நீதிபதியம்மாவும் உறுப்பினர்கள் இரண்டு பேரும். ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குடம். முதல் நாளே அவளை அம்மாவின் பொறுப்பில் ஜாமீனில் விட அவர்கள் தயாராக இருந்தார்கள். அம்மா கையெழுத்துப் போட வேலைக்கு விடுப்புச் சொல்லி வந்திருந்தாள்.

"நான் இவங்களோட போகமாட்டேன்" என்றாள் குச்சி.

"இவங்க உன் அம்மாதானேம்மா?" என்று கேட்டார் நீதிபதி.

"பெத்தவங்க. அவ்வளவுதான்."

அம்மா கையிலிருந்த பேனாவை மூடி, யாரிடம் வாங்கினாளோ அவரிடமே கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

வழக்கு நான்கு மாதம் நடந்தது. குச்சி எதையும் மறைக்கவில்லை. ஸ்பீடுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் அவன் வழக்கு பெரியவர்கள் நீதிமன்றத்துக்குப் போனது. அதன்பிறகு அவள் அவனைப் பார்க்கவே இல்லை. நன்னடத்தை அதிகாரி என்று ஒரு பெண்மணி அவள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் விசாரித்து அறிக்கை எழுதினார். கடைசியில் தீர்ப்பு வந்தது. குற்றம் உண்மை, ஒரு வருடம் அம்மாவின் பராமரிப்பில், அதிகாரியின் கண்காணிப்பில் வீட்டிலேயே இருக்கலாம். குச்சி மறுபடியும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நாங்க உன்னை வெளிய போன்னு சொல்றோம். நீ உள்ளயே இருக்கேன்னு சொல்றே. இப்படி ஒரு கேஸை நான் பார்த்ததில்ல. மூணு மாசம் டைம் தரேன். அதுவரைக்கும் இல்லத்துல இரு. நல்லா யோசி."

"யோசிச்சாச்சு மேடம்" என்றாள் அவள்.

சனிக்கிழமை மூன்றிலிருந்து நான்கு மணிவரை பார்வையாளர் நேரம். அம்மா முதல் சனிக்கிழமையிலிருந்தே வந்துகொண்டிருந்தாள். மதிய ஷிஃப்ட் வாரங்களில் யாரிடமோ கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வருவாள். ஒவ்வொரு தடவையும் வார்டன் அக்கா மாடிக்கு வந்து, "அம்மா வந்திருக்காங்கடி" என்பார். "பார்க்க விருப்பமில்லைன்னு சொல்லிடுங்கக்கா" என்பாள் குச்சி. சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியோரம் போய் நிற்பாள். அங்கிருந்து பார்வையாளர் கூடத்தின் பெஞ்சு தெரியும். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல நேராக உட்கார்ந்திருப்பாள். நான்கு மணிக்கு எழுந்து போய்விடுவாள். அப்படி இருபத்தொரு சனிக்கிழமைகள். குச்சிதான் எண்ணினாள். கெஞ்சட்டும் என்று ஒரு பக்கம் இருந்தது. வராமல் போய்விடுவாளோ என்று இன்னொரு பக்கம். அந்த இன்னொரு பக்கத்தை அவள் தனக்கே காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியாக மிச்சமிருந்த பெண் நன்றாகப் பாடுவாள். அவள் போன அன்று மாலை அறையில் ஒரு பெரிய சத்தம் நின்றுபோனதுபோல இருந்தது.

மறுநாள் காலை வருகைப் பதிவு. காலையும் மாலையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஆள் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஒரே ஆள் என்றாலும் விதி விதிதான். வார்டன் அக்கா பதிவேட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, நேர் எதிரே ஒரு கை தூரத்தில் நின்ற குச்சியின் முழுப்பெயரைச் சத்தமாகப் படித்தார்.

"உள்ளேன்" என்றாள் குச்சி.

"மொத்தம் ஒண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார் அவர். எழுதி முடித்ததும் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. நான்காம் நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

வாரத்தில் மூன்று நாள் வந்த டீச்சர் வராமல் போனார். ஒரு பிள்ளைக்காக ஆளை அனுப்ப மேலிடத்தில் ஒப்புக்கொள்ளவில்லையாம். சாப்பாடு ஆண்கள் பிரிவுச் சமையலறையிலிருந்து ஒற்றை அடுக்கில் வந்தது. குச்சி ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தாள். கேரம் பலகையில் எதிரெதிரே மாறி மாறி உட்கார்ந்து தானே ஆடினாள். தானே தோற்றபோது உண்மையிலேயே கோபம் வந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் பையன்கள் சாயங்காலம் வாலிபால் ஆடுவார்கள். ஒரு நாள் பந்து மதிலைத் தாண்டி இந்தப் பக்கத்து முற்றத்தில் வந்து விழுந்தது. குச்சி ஓடிப்போய் எடுத்தாள். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். வெயிலில் கிடந்த பந்து, சூடாக இருந்தது. பிறகு முழு பலத்தோடு அந்தப் பக்கம் எறிந்தாள். "தேங்க்ஸ்க்கா!" என்று ஒரு குரல் வந்தது. அடுத்த நாளிலிருந்து ஆட்ட நேரத்தில் அவள் முற்றத்திலேயே உலவினாள். இன்னும் இரண்டு தடவை பந்து வந்தது; இரண்டு தடவையும் தேங்க்ஸ் வந்தது. அந்த வாரக் கடைசியில் ஆட்கள் வந்து மதிலுக்கு மேல் உயரமாக வலை கட்டிவிட்டுப் போனார்கள். பந்து தொலையாமல் இருப்பதற்காம்.

"உன்னால எனக்கும் ஜெயில்தான்டி" என்பார் வார்டன் அக்கா. சும்மா சொல்லவில்லை. முன்பு நாலு பேரை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தியவருக்கு இப்போது பேச்சுத்துணைக்கும் ஆளில்லை. குச்சியோ கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லுவாள். வெளியூரில் இருக்கிற மகளுக்குப் போன் போடுவார். மகள் எப்போதும் ஏதோ அவசரத்தில் இருப்பாள். "சரி சரி, வேலையைப் பாரு, அப்புறம் பேசிக்கலாம்" என்று தானே முந்திக்கொண்டு வைத்துவிடுவார்.

இருபத்திரண்டாவது சனிக்கிழமை அம்மா வரவில்லை. மூன்று மணியிலிருந்து நான்குவரை குச்சி ஜன்னலை விட்டு நகரவில்லை. பெஞ்சில் யார் யாரோ வந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள். பஸ் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. "இன்னிக்குப் பார்வையாளர் யாரும் வரலியாக்கா?" என்று ஏதோ பொதுவாக விசாரிப்பதுபோலக் கேட்டாள். வார்டன் அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். "வந்தாங்க. உனக்கு யாரும் வரல."

புதன்கிழமை நன்னடத்தை அதிகாரி வந்தார். மழையில் நனைந்த கோப்புகளை ஒரு காலிக் கட்டிலில் பரப்பி உலர்த்திக்கொண்டே பேசினார்.

"உங்கம்மாவைப் பார்த்துட்டுதான் வரேன். உடம்புக்கு ஒண்ணுமில்ல, பயப்படாத."

"நான் பயப்படலியே."

"அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். 'பெஞ்சுல உட்கார்ந்து உட்கார்ந்து நானே கைதி மாதிரி ஆயிட்டேன் மேடம். இனி அவளா கூப்பிட்டா வரேன்' அப்படின்னாங்க."

குச்சி கட்டில் கம்பியில் பெயர்ந்திருந்த பெயின்டை நகத்தால் சுரண்டினாள்.

"அவங்க நிலைமையும் நல்லா இல்லம்மா" என்றார் அதிகாரி. "பெத்த பிள்ளையைப் பிடிச்சுக் கொடுத்தவன்னு தெருவுல ஒருத்தரும் பேசுறதில்ல. வேலை செய்ற இடத்துலயும் அப்படித்தான். அந்தத் தையல்கார அம்மா வீட்டு ஆளுங்க, உண்மையைச் சொன்னதுக்காவது ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாங்கன்னு பார்த்தா, 'உன் கை எங்க அம்மா மேல படக்கூடாது'ன்னு வார்டுல வெச்சே கத்தியிருக்காங்க. உங்கம்மாவை வேற வார்டுக்கு மாத்திட்டாங்க. இப்ப துணி துவைக்கிற பகுதியில இருக்காங்க. நாள் முழுக்க மெஷின் சத்தம். பேச ஆளில்ல."

"அந்த அம்மா கை எப்படி இருக்கு?"

அதிகாரி கோப்பைத் திருப்பிப்போட்டார். "கூடிருச்சு. ஆனா முன்ன மாதிரி மடங்காதாம். நீ பார்க்க வரலாமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க."

அவர் போனபிறகு, உலராத தாள்களின் ஈரம் கட்டில் விரிப்பில் சதுரம் சதுரமாக இருந்தது. குச்சி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இன்னும் பத்து நாள் போனது. ஒரு மாலை ஆறு மணிக்கு, பதிவேட்டோடு வார்டன் அக்கா படியேறி வருகிற சத்தம் கேட்டதும், ஏனென்று தெரியாமல் குச்சி ஒன்பதாவது கட்டிலுக்கு அடியில் புகுந்து சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

வார்டன் அக்கா அவள் பெயரைப் படித்தார். பதில் இல்லை. இரண்டாம் தடவை படித்தார். "ஏய், குளியலறையிலயா இருக்க?" செருப்புச் சத்தம் குளியலறைக்குப் போய்த் திரும்பியது. மொட்டைமாடிக்கு ஓடியது. முற்றத்துக்கு இறங்கியது. "குச்சி! ஏய் குச்சி! எங்கடி இருக்க?" அதுவரை ஒரு நாளும் அவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆரம்பத்தில் குச்சிக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் உடைந்து கீச்சிட்டபோது சிரிப்பு போய்விட்டது. வாசல் காவலர் மணியை அடித்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆட்டம் நின்றது.

வார்டன் அக்கா திரும்ப வந்து ஒன்பதாவது கட்டிலிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். மூச்சு இரைத்தது. குச்சியின் முகத்துக்கு நேரே அவருடைய வீங்கிய பாதங்கள் இருந்தன. ஒன்றில் செருப்பு இல்லை. அவர் அழுவது கட்டில் கம்பி வழியாக இறங்கிவந்தது.

"அக்கா" என்றாள் குச்சி அடியிலிருந்து.

அவள் தவழ்ந்து வெளியே வந்தபோது அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தாள். அவர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆள் இருக்கிறாளா என்று உறுதிசெய்கிறவர்போல.

"ஏண்டி இப்படிப் பண்ணின?"

"தேடுவீங்களான்னு பார்த்தேன்."

வார்டன் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "தேடுறதுக்குன்னே ஒருத்தி வாராவாரம் கீழ வந்து உட்கார்ந்திருந்தாளே, அப்ப எங்கடி போச்சு இந்தப் புத்தி?"

மறுநாள் குச்சி போன் பேச அனுமதி கேட்டாள். நாளுக்கு ஒரு அழைப்பு, ஐந்து நிமிடம். அலுவலக அறையில் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது பின்னால் துணி துவைக்கும் மெஷின்களின் இரைச்சல். "ஹலோ, யாரு?" என்றாள் அம்மா. ஆறு மாதம் கழித்துக் கேட்கிற குரல். குச்சி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஹலோ? புது சிம்மெல்லாம் வேண்டாம்ப்பா, இருக்கிறதே போதும்" என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்துவிட்டாள்.

"இன்னொரு தடவை போட்டுக்கட்டுமாக்கா?"

"விதி விதிதான். நாளைக்கு" என்றார் வார்டன் அக்கா. சொன்னவருக்கே கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் அந்தப் பக்கம் எடுத்த உடனேயே குச்சி ஒரே மூச்சில் சொன்னாள்: "அம்மா, நான்தான். வெச்சுடாத."

மெஷின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அது சிறுகச் சிறுகக் குறைந்தது. அம்மா எங்கேயோ வெளியே நடந்துபோகிறாள்.

"சொல்லு" என்றாள் அம்மா.

"சனிக்கிழமை வர்றியா?"

"வரேன்."

ஐந்து நிமிடத்தில் நான்கரை நிமிடம் மிச்சம் இருந்தது. வைக்க மனமில்லாமல் இருவரும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் குச்சி கீழே இறங்கி வந்தாள். அம்மா எழுந்து நின்றாள்; அப்புறம் எதற்கு எழுந்தோம் என்று தெரியாததுபோல உட்கார்ந்தாள். இளைத்துப்போயிருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல்நுனிகள் வெளுத்திருந்தன.

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"ம்."

"இன்னும் வளர்ந்துட்டியா என்ன?"

"தெரியல. அளந்து பார்க்கல."

பக்கத்து மேசையில் ஒரு அப்பாவும் மகனும் சத்தமாக எதற்கோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து குச்சி கேட்டாள்.

"ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கல?"

அம்மா இந்தக் கேள்விக்கு ஆறு மாதமாகப் பதில் தயார்செய்து வைத்திருந்தவள்போல உடனே சொன்னாள். "கேட்டிருந்தா நீ இல்லைன்னு சொல்லியிருப்ப. நான் நம்பியிருப்பேன். நீ என்ன சொன்னாலும் நம்புற ஆளுதானே நான். நம்பிட்டு மறுநாள் போய் அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கணும். அந்தக் கத்திரிக்கோல்லயே நாம பால் பாக்கெட்டு வெட்டிட்டு இருக்கணும். என்னால முடியாதுன்னு தெரிஞ்சுது. அதான், உன் முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி போயிட்டேன்."

குச்சி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் மெதுவாக.

"தெரியும்."

"ஆனாலும் கேட்டிருக்கலாம்."

அம்மாவின் உதடு கோணியது. "ஆமா" என்றாள். "கேட்டிருக்கலாம். துணிப்பையை மடிச்சு வெச்சதுதான் ரொம்பத் தப்பு. அன்னிக்கு ராத்திரி நீ பக்கத்துல தூங்குற, நான் உன் துணியை மடிக்கிறேன்."

அப்போது குச்சி அழுதாள். இல்லத்துக்கு வந்தபிறகு அழுவது அதுதான் முதல் தடவை. அம்மா கையை நீட்டலாமா கூடாதா என்று தெரியாமல் மேசையின் நடுவரை நீட்டி அங்கேயே வைத்திருந்தாள். குச்சி அதைப் பிடித்துக்கொள்ள நான்கு மணி ஆகிவிட்டது.

மூன்று மாதக் கெடு முடிந்த நாளில் நீதிபதி, "என்னம்மா முடிவு?" என்று கேட்டார். "போறேன் மேடம்" என்றாள் குச்சி. மாதத்துக்கு இரண்டு தடவை அதிகாரியிடம் வர வேண்டும்; தவறிப்போன கணக்குப் பரீட்சையை எழுத வேண்டும். தையல்காரருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். அதிகாரி கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டாராம். பிரித்தாரா இல்லையா என்று தெரியாது. பதில் எதுவும் வரவில்லை.

கிளம்பும்போது வார்டன் அக்கா வாசல்வரை வந்தார். இனிப் பெண்கள் பிரிவு காலி. "அடுத்த பொண்ணு வர்ற வரைக்கும் எனக்கும் லீவு" என்று சிரித்தார். "அப்படி யாரும் வராம இருந்தா நல்லது. ஆனா பொழுது போகாது." குச்சிக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கூச்சப்பட்டு நின்றுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். குச்சி தெருமுனைக் கடைக்கு முட்டை வாங்கப் போனாள். முன்னால் நின்றிருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தார். பார்த்ததும், அவசரமே இல்லாமல், இடது தோளில் இருந்த பையைக் கழற்றி வலது தோளில் மாட்டிக்கொண்டு வாரை இறுக்கிப் பிடித்தார். குச்சி இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். தன் முறை வரும்வரை அந்த இரண்டடியைக் குறைக்காமல் நின்று, முட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்தாள். ஒரு முட்டை உடைந்தது.

மாலையில் அம்மாவிடம் சொன்னாள். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். அம்மா தலைமுடியை அவிழ்த்து உதறிக்கொண்டே கேட்டாள்.

"யாரு, மூலை வீட்டுக்காரியா?"

"ஆமா."

"என்னைப் பார்த்தாலும் அவ கதவைச் சாத்திக்குவா. பழகிடும்னு உன்கிட்ட சொல்லமாட்டேன். எனக்கே இன்னும் பழகல." முடியை முடிந்துகொண்டு, "நாளைக்கு எனக்கு மதிய ஷிஃப்ட். காலையில நானும் கூட வரேன்" என்றாள்.

மறுநாள் காலை இருவரும் கடைக்குப் போனார்கள். வாங்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. கடையில் நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அம்மா நேராக நின்று ஒரு டஜன் முட்டை கேட்டாள். குச்சி பக்கத்தில் நின்றாள். திரும்பும்போது, யாரும் கேட்காமலேயே, அம்மா துவைக்கிற பகுதியில் இருக்கிற பெரிய மெஷினைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அது சுற்றி முடிக்கும்போது குதிரைபோலத் துள்ளுமாம், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், இப்போது இவள் ஒருத்தியே பிடித்துக்கொள்கிறாளாம். சொல்லிப் பழக்கம் விட்டுப்போனதால் நடுநடுவே வார்த்தை கிடைக்காமல் நின்றாள். அவள் மறுபடி தொடங்கும்வரை குச்சியும் நின்று கேட்டாள்.